மேடைக்கு வராத பெண்

குன்னூரில் இறங்கிய அன்று நான் குன்னூரைப் பார்க்கவில்லை. மூடுபனி அப்படி. கண்டக்டர் "குன்னூர், குன்னூர்" என்று கத்தியதை நம்பி இறங்கினேன். எதிரே கடைகள் இருப்பது பஜ்ஜி வாசனையில்தான் தெரிந்தது. நான் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன், குளிருக்குப் புதியவன் அல்லன். ஆனாலும் எங்கள் ஊர் மழை பெய்தால் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். இங்கே மழை விட்டும் தூவானம் விடவில்லை. இருந்த நாலு நாளும் சட்டை காயவில்லை, மனமும் காயவில்லை.

என்னை அழைத்தது ஊட்டியில் உள்ள ஒரு கல்லூரி. பழைய ரோமில் நகைச்சுவை நாடகம் எழுதிய ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும். கண்டியில் லத்தீன் கற்பித்தே ஓய்வு பெற்றவன் நான். லத்தீன் வாத்தியார் என்று சொன்னால், குளிரெடுக்கும் நுவரெலியாவில் ஐஸ் விற்பவனைப் பார்ப்பதுபோல் ஜனங்கள் என்னைப் பார்ப்பார்கள். பழகிவிட்டது.

அந்த நாடகக்காரரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏனென்றால் அது அவருடைய பெயர் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து சிறுவயதில் அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர் என்கிறார்கள். எசமான் படிக்க வைத்தார், விடுதலை கொடுத்தார், கூடவே தன் பெயரையும் கொடுத்தார். உலகம் இன்றுவரை அந்த எசமானின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. பெற்றவள் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பது யாருக்கும் தெரியாது. அரை டஜன் நாடகம் எழுதினார், இளவயதில் கடல்தாண்டிப் போனார், திரும்பவில்லை. இந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு நான் ஆயுள் முழுக்கச் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால், பேச்சு ஒரு சாக்கு. நான் வந்தது என் தங்கையைத் தேடி.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். கடைக்காரர் ஒரு தட்டில் வர்க்கி வைத்தார். மொறுமொறுவென்று அடுக்கடுக்காக உடைகிற ரொட்டி அது. டீயில் முக்கினால் பால்கோவாபோல் கரைகிறது. எங்கள் பக்கத்தில் தேத்தண்ணீரென்றால் வெறும் சாயம், கடிக்க ஒரு துண்டு சர்க்கரை. இங்கே டீத்தூளைப் பாலில் போட்டுக் கொதிக்கவிட்டு அதன் உயிரை எடுத்துவிடுகிறார்கள். இலை பறிக்கிற நாட்டிலேயே இப்படி என்றால் யாரிடம் சொல்லி அழுவது?

"ஏனுங்க, சிலோனுங்களா? பேச்சுலயே தெரியுதுங்க" என்றார் கடைக்காரர்.

ஆமாம் என்றேன்.

"இங்க கோத்தகிரி, கூடலூர்ப் பக்கமெல்லாம் சிலோன்காரங்கதானுங்க நெறைய. ஆனா கேட்டுப் பாருங்க, பாதிப் பேரு இங்கயேதான் பொறந்தோம்பாங்க. எதுக்குங்க வம்புன்னு."

அவர் சும்மாதான் சொன்னார். நான் வர்க்கியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

என் தங்கையின் கதை இதுதான். நானும் தம்பியும் அவளும் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, எங்கள் லயத்தில், அதாவது ஒரே கூரையின்கீழ் வரிசையாக இருந்த தொழிலாளர் வீடுகளில், இரு நாட்டு ஒப்பந்தப்படி ஒவ்வொரு குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்துக் காம்பராவில் இருந்த கறுப்பையா மாமா குடும்பத்துக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதில் அவர்கள் மகள் தெய்வானையின் பெயரும் இருந்தது. புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு தெய்வானை காய்ச்சலில் செத்துப்போனாள். எங்கள் விண்ணப்பமோ எங்கோ முடங்கிக் கிடந்தது. ஒரு சாயங்காலம் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கிடைத்த இடத்தை வீணாக்கலாமா? செத்த பிள்ளையின் இடத்தில் வேறு பிள்ளையை அனுப்புவது அப்போது தோட்டங்களில் நடந்துகொண்டுதான் இருந்தது. எண்ணெய் வைத்துத் தலைசீவிய எல்லாப் பிள்ளையும் படத்தில் ஒரே பிள்ளைதான். என் தங்கை புஷ்பம் முன்னால் போகட்டும், அடுத்த வருடம் நாமும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று முடிவானது. அம்மா அவளுக்கு இரட்டைச் சடை பின்னி, இனி உன் பெயர் தெய்வானை என்று சொல்லி அனுப்பினாள்.

அடுத்த வருடம் வரவில்லை. எங்கள் விண்ணப்பம் தள்ளுபடியானது. பிறகு கலவரம், பிறகு கப்பலே நின்றுபோனது. மாமாவிடமிருந்து இரண்டொரு கடிதம் வந்தது, பிறகு அதுவும் இல்லை.

சில மாதங்களுக்கு முன், எங்கள் பழைய தோட்டத்துக்காரர்கள் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "நம்ம கறுப்பையா மக தெய்வானை கூடலூர்ப் பக்கம் சேரங்கோட்டுல கொழுந்தெடுக்குது" என்று போட்டிருந்தார். எல்லாரும் கும்பிடு போட்டார்கள். செத்தவள் கொழுந்தெடுக்கிறாள் என்றால் என்ன அர்த்தம் என்பது, அன்றைய பெரியவர்களெல்லாம் போய்விட்ட பிறகு, எங்கள் வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும். அம்மா இப்போது படுத்த படுக்கை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். "அவ குரல ஒரு தடவ கேட்டுட்டாப் போதும்டா" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் ஊட்டி. கல்லூரி மண்டபத்தில் ஜன்னல்கள் சாத்தியிருந்தும் மைக்கைத் தொட்டால் கை விறைத்தது. பாதிப் பேச்சில் பின்வரிசைப் பையன்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஏரிப் பக்கம் ஏதோ சினிமாப் படப்பிடிப்பாம். எனக்குக் கோபம் வரவில்லை. என் ரோமாபுரிக்காரருக்கும் இதே கதிதான். அவருடைய ஒரு நாடகத்தின் முதல் காட்சியில், பக்கத்தில் கயிற்றின்மேல் நடக்கிறவன் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டுக் கூட்டம் கலைந்துவிட்டது. ஈராயிரம் ஆண்டுகளில் ரசிகன் கொஞ்சமும் மாறவில்லை.

மிஞ்சியவர்களுக்கு அவர் நாடகங்களின் முடிச்சைச் சொன்னேன். பணக்கார வீட்டுப் பையன் அநாதைப் பெண்ணைக் காதலிப்பான். அப்பன் குதிப்பான். பெண்ணுக்கு ஊரும் இல்லை, உரிமையும் இல்லை. கடைசியில் எங்கிருந்தோ ஒரு ஆள் வந்து, இவள் சிறுவயதில் காணாமல்போன இன்னாரின் மகள் என்று அடையாளம் காட்டுவான். அவ்வளவுதான். அந்த நொடியில் அவள் நகரத்துக் குடிமகள் ஆகிவிடுவாள். கல்யாணம், விருந்து, சுபம். "அடையாளம் தெரிவதுதான் இங்கே விடுதலை" என்று குரலை உயர்த்தி முடித்தேன். எத்தனையோ வருடம் சொல்லித் தேய்ந்த வாக்கியம் அது.

சால்வை போர்த்திய ஒரு படுகப் பெண் எழுந்தாள். "சார், கடைசில அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?"

"அவள் பெரும்பாலும் மேடைக்கே வரமாட்டாள் அம்மா. ஒரு நாடகத்தில் பிரசவ வலியில் உள்ளேயிருந்து கத்துகிற சத்தம் மட்டும் கேட்கும்."

"எல்லாமே அவளப் பத்தித்தான நடக்குது? அவள ஒரு வார்த்த கேக்க மாட்டாங்களா?"

அந்தக் கால மேடை வழக்கம் அப்படி என்றேன். கொஞ்சம் சிரிப்பு எழுந்தது, நானும் சிரித்தேன். மதியம் ஒரு ஆசிரியர் வீட்டிலிருந்து அவரைக் குழம்பு வந்தது. நல்ல குழம்பு. ருசித்துச் சாப்பிட முடியவில்லை.

மூன்றாம் நாள் கூடலூர் பஸ். என் பக்கத்து ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கி, ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்றது. தோளில் சாரல் வாங்கிக்கொண்டே போனேன். நடுவட்டம் தாண்டி ஒரு கற்பூர மரம் சாலையின் குறுக்கே விழுந்துகிடந்தது. எங்கள் ஊரில் இப்படி நடந்தால் முதலில் யார் குற்றம் என்று ஒரு கூட்டம் போடுவோம். இங்கே டிரைவர் சீட்டுக்கடியிலிருந்து அரிவாளை எடுத்தார், இன்னும் நாலுபேர் தங்கள் பைகளிலிருந்தே எடுத்தார்கள். பின்சீட்டில் இரண்டு பெண்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் துபாயில் இருக்கிறாள், தினமும் போனில் அழுகிறாள் என்றாள் ஒருத்தி. அழட்டும், அழுகிறவரைக்கும் உயிரோடு இருக்கிறாள் என்று தெரியுமல்லவா என்றாள் மற்றவள். நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

கூடலூரில் புட்டும் கடலையும் சாப்பிட்டு, தலையணை நமுத்த ஒரு அறையில் தங்கினேன்.

காலையில் சேரங்கோட்டுக்கு ஜீப். ஆட்டுக்குட்டி ஒன்றுக்கும் எனக்கும் ஒரே இருக்கை. "சேட்டா, காலக் கொஞ்சம் ஒதுக்கு" என்றார் டிரைவர். "நேத்து ஆனை எறங்கிச்சு. பலாப்பழ சீசன் அல்லே. ரெண்டு ஊட்டு ஓட்டப் பிரிச்சிருச்சு." தன் சொந்த மைத்துனன் வந்துபோனதைச் சொல்வதுபோல் சொன்னார்.

அரசுத் தேயிலைத் தோட்டத்தின் முன்னால் இறங்கினேன். அதே லயம். அதே நீளம், அதே தாழ்ந்த வாசல், அதே பொதுக்குழாய், குழாயடியில் அதே சேறு. கடல்தாண்டி இவ்வளவு தூரம் வந்து நான் பிறந்த வாசலிலேயே இறங்கினதுபோல் இருந்தது. இதற்குத்தானா அந்தப் பிள்ளையை அனுப்பினோம் என்று நினைத்தேன். அழுகை வந்தது.

மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் பிளாஸ்டிக் தாள் சுற்றியபடி நடுவில் வந்தவளைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ரோமாபுரி நாடகத்தில் இந்த இடத்தில் மோதிரம் வேண்டும், பிள்ளையின் விளையாட்டுச் சாமான் வைத்த பெட்டி வேண்டும், பழைய தாதி வேண்டும். எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் நெற்றி அப்படியே இருந்தது.

"புஷ்பம்" என்று கூப்பிட்டேன்.

கூட வந்த பெண்களெல்லாம் திரும்பினார்கள். அவள் மட்டும் திரும்பவில்லை. நான் எதிரே போய் நின்றேன். "அந்தப் பேர்ல இங்க யாருமில்லீங்க. எம் பேரு தெய்வானை" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. பிறகு மற்றவர்களிடம், "யாரையோ தேடி வந்திருக்காரு பாவம், சிலோன்காரரு. அப்பாவுக்குத் தெரிஞ்சவரா இருக்கும். ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்" என்றாள்.

வீட்டுக்குள் அடுப்படி இருட்டாக இருந்தது. நான் பலகையில் உட்கார்ந்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் கொதிக்க வைத்தாள். வெளியே பெண்களின் பேச்சு தேய்ந்து போனதும், திரும்பாமலேயே கேட்டாள்.

"அண்ணே, சீனி எவ்வளவு போட?"

அவளாகவே இரண்டு கரண்டி போட்டாள். அம்மா இருக்காங்களா என்று கேட்டாள். இருக்கிறாள், கொஞ்ச நாள்தான் என்றேன். அப்பா போய்விட்டதைச் சொன்னேன். வந்த காரியத்தையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கறுப்பையா மாமாவும் அத்தையும் காலமாகிவிட்டார்களாம். புருஷனும் இல்லை. ஒரே மகன்.

"பையனுக்குக் காட்டு இலாகாவுல வேல கெடச்சிருக்குண்ணே. அடுத்த வாரம் விசாரிக்க வர்றாங்க. அக்கம்பக்கத்துல எல்லாம் கேப்பாங்க. அவனுக்கே இந்தக் கதை தெரியாது. இந்த ஊடு, ரேசன் கார்டு, அவன் சர்டிபிகேட்டு எல்லாம் தெய்வானை பேருல நிக்குது. அந்தப் பேரு பொய்யின்னா நான் யாரு? எந்த நாட்டுக்காரி?"

இத்தனை வருடத்துக்குப் பிறகு யார் தோண்டப் போகிறார்கள் என்றேன்.

"கீழ் லயத்துல இதே மாதிரி பேரு மாறி வந்த ஒருத்தன் மேல மொட்டக் கடுதாசி போட்டாங்க. போலீசு வந்துச்சு. வந்த வேலயும் போச்சு. கோர்ட்டுக்கு நடக்கிறான் இன்னும்."

எனக்குக் கோபம் வந்தது. நியாயமற்ற கோபம்தான், ஆனால் வந்தது. அம்மா சாகக் கிடக்கிறாள், இவள் ரேஷன் கார்டைப் பேசுகிறாளே என்றிருந்தது. "பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றேன்.

அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். "கல்லாத்தான் இருக்கச் சொல்லுச்சு அம்மா. புஷ்பம்னு யாரு கூப்ட்டாலும் திரும்பக் கூடாது, திரும்புனா எல்லாரையும் புடிச்சிருவாங்கன்னு சொல்லித்தான் தலவாரி அனுப்புச்சு. கப்பல விட்டு எறங்கி மண்டபம் கேம்புல வரிசையில நிக்கறப்ப யாரோ அவங்க புள்ளைய 'புஷ்பம், புஷ்பம்'னு கூப்ட்டாங்க. அம்மாதான் வந்துருச்சுன்னு நெனச்சேன். ஆனாலும் திரும்பலண்ணே. இப்ப நீங்க கூப்ட்டப்பவும் திரும்பல."

தேத்தண்ணீர் ஆறிவிட்டது. நான் அதைக் குடித்துவிட்டேன். அடையாளம் தெரிவதுதான் விடுதலை என்று முந்தாநாள் மைக்கில் முழங்கிய வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

புறப்பட எழுந்தேன். அவள்தான், "இருங்க, பேசறேன்" என்றாள். "ஆனா மகளாப் பேச முடியாது."

காரணம் கேட்டால் சிரிப்பு வரும். அந்த லயத்தில் எந்த வீட்டிலும் சிக்னல் இல்லை. கொழுந்து நிறுக்கும் கொட்டகையடியில் மட்டும்தான் போன் எடுக்கும். அங்கே எப்போதும் கூட்டம். பந்தலூருக்குப் போய்ப் பேசலாமே என்றேன். லீவு கிடைக்காது, உங்களோடு ஜீப்பில் போனால் ஊரே கேட்கும் என்றாள். நம்பரையாவது வாங்கிக்கொள் என்றேன். "வேணாம்ணே. நம்பரு இருந்தா தெனம் பேசச் சொல்லும். ஒரு நா பையன் கேட்டுருவான்."

என் நாடகக்காரர் தந்திரங்களையெல்லாம் வேலைக்காரன் வாயில்தான் வைப்பார். இங்கே என் தங்கையே யோசித்தாள். சாயங்கால நிறுவைக்கு எல்லாரும் கூடையோடு நிற்கும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போய், சத்தமாகவே சொன்னாள்: "இவரு தங்கச்சி யாரோ புஷ்பமாம், இந்தத் தோட்டத்துலதான் இருந்துச்சாம். திருப்பூரு போயிருச்சு போல. அங்க அம்மா சாகக் கெடக்குதாம். இங்கத்த ஆளு யாராச்சும் ரெண்டு வார்த்த ஆறுதலாச் சொல்லுங்கன்னு கேக்கறாரு."

"நீயே சொல்லு தெய்வானை. ஒனக்குத்தான் வாயிருக்கு" என்றாள் ஒரு பெண்.

ஹட்டனில் என் மனைவி போனை எடுத்து அம்மாவின் காதருகே வைத்தாள். "அம்மா, இங்கே ஒருத்தர் பேசுறாங்க" என்று மட்டும் சொன்னேன். தகரக் கூரையில் மழை அடித்த அடியில் ஒன்றும் கேட்காததால் ஸ்பீக்கரைப் போட வேண்டியிருந்தது. கொட்டகையே காது கொடுத்தது.

"பெரியம்மா, நான் ஒங்க மக ஊட்டுக்குப் பக்கத்து ஊட்டுக்காரி பேசறேன். அவ வேல விசயமா வெளியூரு போயிருக்கா. நல்லா இருக்கா. நீங்க கவலப்படாதீங்க."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. பிறகு அம்மாவின் குரல் வந்தது.

"அவ நேரத்துக்குச் சாப்புடுறாளா?"

"சாப்புடுறா பெரியம்மா."

"இருட்டுன்னா பயப்புடுவா."

"இப்பல்லாம் பயப்படறதில்ல."

"என் மேல கோவமா இருக்காளா?"

தங்கை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இல்லீங்க. அவளுக்குக் கோவமே இல்ல. ஒங்களப் பத்தி எப்பவும் நல்லாத்தான் சொல்லுவா." வரிசையில் நின்ற ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"சரி தாயி" என்றாள் அம்மா. "அவளத் தேட வேணாம். நீ பேசிக்கிட்டே இரு. என்னத்தயாச்சும் பேசு."

என் தங்கை பேசினாள். மழை விடவேயில்லை என்றாள். யானை வந்து ஓட்டைப் பிரித்ததையும், பலாப்பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை வாசலில் வைத்துவிட்டுப் போனதையும் சொன்னாள். பையன் வேலைக்குப் போகப் போகிறான் என்றாள். அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு தடவுகிறோம் என்றாள். தேங்காய் விலை சொன்னாள், இந்த வருடம் கொழுந்து கம்மி என்றாள், அவரை பூத்திருக்கிறது என்றாள். ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மூச்சுவிடாமல் தாவினாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டுக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் ஆறுதல் சொல்ற போ" என்று யாரோ சிரித்தார்கள்.

"ஏய் தெய்வானை! ஒன் கொழுந்தக் கொண்டா, லாரி நிக்குது" என்று தராசுக்காரர் கத்தினார்.

அவள் உடனே திரும்பினாள். போனை என் கையில் வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். கடைசி ஜீப் புறப்படும்வரை அவள் என் பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஹட்டனுக்குத் திரும்பியபோது அம்மா இருந்தாள். யார் பேசியது என்று தெரிந்ததா என்று கேட்க வாய் வரவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை, பிரயாணம் எப்படி, அங்கே குளிரா என்றுதான் கேட்டாள். சாயங்காலம் என் மனைவி விளக்கேற்றினாள். அம்மா படுத்தபடியே கைகூப்பி, தினமும் செய்வதுபோல், பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் காப்பாற்றும்படி வேண்டினாள். என் பெயரைச் சொன்னாள், தம்பி பெயரைச் சொன்னாள். அடுத்து புஷ்பம் வரவேண்டிய இடத்தில், கொஞ்சமும் தடுமாறாமல், தெய்வானை என்றாள்.